முதலில் யார் சொல்வது?

போன வாரம் பொடிசுவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். மூன்று சுற்றுத் தேர்விலும் தேறிவிட்டாள், இனிச் சம்பளப் பேச்சு ஒன்றுதான் பாக்கி என்று மின்னஞ்சல் வந்த இடத்தில் கதையை நிறுத்தியதற்காகச் சிலர் பல்லைக் கடித்தது காதில் விழுந்தது. கோபம் நியாயம்தான். ஆனால் உங்களுக்காவது இடையில் ஒரு வாரம் வேறு வேலை இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

இன்று காலையும் அவள் அதே நாற்காலியில்தான் இருந்தாள். மடிக்கணினிக்குப் பின்னால் இருந்த சுவரில் ஈரக்கறை. அது கேமராவில் தெரியாமல் இருக்க மேசையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். தண்ணீர் பட்டு உப்பிப்போன அட்டைப் பலகை மேசை அது. பழைய மரச்சாமான் கடைக்காரர் மகளுக்கு அதன் தரம் தொட்டாலே தெரியும். கடைக்கு வந்திருந்தால் அப்பா அதை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார்.

அறையில் நான்கு கட்டில்கள் இருந்தன. மூன்றில் மெத்தை மட்டும் சுருட்டிக் கிடந்தது. படிப்பு முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். ஒவ்வொருத்தி போகும்போதும் மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வரை போய் வழியனுப்பினார்கள். கடைசியாக ஜன்னலோரக் கட்டில்காரி போனபோது பெட்டியைத் தூக்க பொடிசு ஒருத்திதான் மிச்சம்.

அந்த ஜன்னலோரக் கட்டில்காரிதான் நெட்டை. பொடிசுவின் சித்தப்பா மகள்.

இருவரும் ஒரே வருஷத்தில் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்துதான் கடையை நடத்தினார்கள். ஒரு தேக்கு பீரோவை யார் யாருக்குத் தெரியாமல் விற்றது என்று ஆரம்பித்த சண்டை, கடைக் கூட்டை முறித்து, வீட்டைப் பிரித்து, இரண்டு அண்ணன் தம்பியையும் தெருவின் எதிரெதிர்ப் பக்கத்தில் முகம் கொடுக்காமல் நடக்க வைத்துவிட்டது. பெண்கள் இருவரும் அப்போது இந்த அறையில் இருந்தார்கள். சண்டை இந்தப் படியேறி வரவில்லை.

கைப்பேசி அடித்தது. அப்பா.

"எந்திரிச்சிட்டியா? இன்னிக்குதானே அந்தப் பேச்சு?"

"ஆமாப்பா."

"முப்பத்தஞ்சு கேளு."

மாதம் முப்பத்தைந்தாயிரம். அப்பா வாயில் ஆயிரம் வராது, எண் மட்டும்தான் வரும். கடைப் பழக்கம்.

"முதல் வேலைக்கு யாருப்பா அவ்வளவு குடுப்பாங்க?"

"ஏன், அவளுக்கு முப்பது குடுத்தாங்களே! சலூன்காரர் நேத்துகூடச் சொன்னாரு. உன் சித்தப்பன் ஊர் பூரா தம்பட்டம் அடிச்சிட்டுத் திரியுறானாம். எம் பொண்ணுக்கு முப்பது, எம் பொண்ணுக்கு முப்பதுன்னு. மார்க்கு உனக்குத்தானே கூட? அவளைவிட ஒரு ரூபா கம்மியா வாங்கினாலும் நான் அந்த சலூன் பக்கம் தலைகாட்ட முடியாது."

"முடி வெட்டாம இருந்துடுங்க."

"கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

பின்னாலிருந்து அம்மா ஏதோ கேட்பது லேசாகக் காதில் விழுந்தது. "இரு, முக்கியமா பேசிட்டிருக்கேன்" என்று அப்பா அடக்கினார். அம்மா கேட்டது என்னவென்று பொடிசுவுக்குத் தெரியவில்லை.

வைத்த கையோடு அண்ணன் கூப்பிட்டான். கிடங்கிலிருந்து பேசுகிறான் என்பது எதிரொலியிலேயே தெரிந்தது.

"அப்பா சொல்றதை எல்லாம் கேக்காத. இருபது சொல்லு, போதும். அதிகமாக் கேட்டு, வேற ஆளைப் பார்த்துக்கிறோம்னு சொல்லிட்டாங்கன்னா? முதல்ல உள்ள போயிடு பொடிசு. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

அண்ணன் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. சித்தப்பா கடையை விட்டுப் போனபோது அப்பா தூக்கும் சோபாவின் மறுமுனையைத் தூக்க ஆள் வேண்டும் என்று அண்ணன் வந்தான். வந்தவன் வந்தவன்தான். தங்கைக்குக் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னவனில்லை. அவன் இருபது என்று சொன்னதே பெரிய தொகையைச் சொல்வது போலத்தான் இருந்தது.

இணையத்தில் தேடினாள். பதினைந்து என்கிறான் ஒருத்தன், ஐம்பதுக்குக் குறைந்து போனால் கேவலம் என்கிறான் இன்னொருத்தன். உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நெட்டை. இதே கம்பெனியில் போன மாதம்தான் சேர்ந்திருக்கிறாள். அவளிடமும் கேட்டாயிற்று. நேற்று நாள் முழுக்கக் காக்க வைத்துவிட்டு ராத்திரி ஒரு வரி பதில் அனுப்பியிருந்தாள்.

'சம்பளத்தை வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்கடி.'

வெளியாம்! ஒரே சோப்பு, ஒரே துண்டு, காய்ச்சல் வந்தால் ஒரே மாத்திரை அட்டை என்று நான்கு வருஷம் இருந்தவளிடம் வெளி, உள் என்ன வேண்டிக்கிடக்கிறது? முப்பது வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது என்று பொடிசு முடிவு கட்டினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு நெட்டையின் கட்டிலைப் பார்க்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போகட்டும். நேரமாகிவிட்டது. திரையில் எச்.ஆர். மேடம் வந்துவிட்டார்.

நாற்பது வயதிருக்கும். முகத்தில் காலையிலேயே களைப்பு. வணக்கம், வாழ்த்துகள், வீட்டிலே எல்லோரும் நலமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

"சொல்லுங்க, உங்க சம்பள எதிர்பார்ப்பு என்ன?"

பொடிசு வாயைத் திறக்கவில்லை.

திட்டமெல்லாம் இல்லை. பழக்கம். அவர்கள் கடையில் எந்தச் சாமானிலும் விலைச்சீட்டு கிடையாது. வந்தவர் "எவ்வளவு?" என்று கேட்டால் அப்பா பதில் சொல்ல மாட்டார். மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு சும்மா நிற்பார். வந்தவரும் நிற்பார். கொஞ்ச நேரத்தில் யாருக்கோ அந்த அமைதி தாங்காமல் போய் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். எண்ணை முதலில் சொன்னவர் தோற்றவர். அப்பா தோற்றுப் பார்த்ததில்லை.

விற்காத சோபாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய இரண்டு சிறுமிகளும் இதைப் பார்த்துப் பார்த்து ஒரு விளையாட்டே கண்டுபிடித்தார்கள். எதிரெதிரே உட்கார வேண்டும். பேசக்கூடாது, அசையக்கூடாது. முதலில் வாய் திறந்தவள் தோற்றாள். ஒவ்வொரு தடவையும் நெட்டைதான் பொத்துக்கொண்டு சிரித்துத் தோற்பாள். பொடிசு ஒருநாளும் தோற்றதில்லை.

இப்போதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் ஒரே இடத்தில்.

"ஹலோ? நான் பேசுறது கேக்குதா?" மேடம் திரையைத் தட்டினார். "ஹலோ... ப்ச். உறைஞ்சு போச்சு."

அவர் பக்கத்து மேசைக்குத் திரும்பினார். ஒலியை அணைக்கவில்லை.

"யாரு, மூணு ரவுண்டுலயும் முதல்ல வந்த பொண்ணா?" ஓர் ஆண்குரல்.

"அவளேதான். முப்பது வரைக்கும் போகலாம்னு மேல சொல்லியிருக்காங்க."

"அவ எவ்வளவு கேக்குறா?"

"எங்க கேட்டா? அதுக்குள்ள கனெக்‌ஷன் போயிடுச்சு. போன மாசம் இதே காலேஜ்லருந்து உயரமா ஒரு பொண்ணு வந்தாளே, எவ்வளவு குடுத்தாலும் சரி மேடம், எப்படியாவது வேலை குடுங்கன்னு அழாத குறையாச் சொன்னா. பதினஞ்சுல முடிஞ்சுது. இவளும் அதே மாதிரி சொல்லிட்டா நமக்கு வேலை மிச்சம்."

பொடிசுவுக்கு மூக்கு அரித்தது. அசையவில்லை. பழக்கத்தால் ஆரம்பித்ததை இப்போது வேண்டுமென்றே செய்தாள். கண்ணைச் சிமிட்டினால் கூட, இவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்துவிடும். கண்ணில் நீர் கோர்த்துக்கொண்டு வந்தது. திரை அணையும் வரை தாக்குப்பிடித்தாள்.

அணைந்ததும் மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

உடனே கைப்பேசி அடித்தது.

"வீடியோ உறைஞ்சிடுச்சும்மா. பரவாயில்ல, போன்லயே பேசிடலாம். உங்க எதிர்பார்ப்பு என்ன?"

எதிராளியின் எண் தெரிந்துவிட்ட பிறகு முதலில் சொல்வதில் தப்பில்லை. அதுவும் கடைச் சட்டம்தான்.

"முப்பது, மேடம்."

"முப்பதா! உங்களுக்கு அனுபவம் ஒண்ணும் இல்லையேம்மா. இருபத்திரெண்டுன்னா இன்னிக்கே முடிச்சிடலாம்."

இருபத்திரண்டு. அண்ணன் சொன்னதைவிடவே கூட. நாக்கு நுனிவரை 'சரி மேடம்' வந்துவிட்டது. பொடிசு அதை விழுங்கினாள். உப்பிப்போன மேசையின் விளிம்பைத் தடவினாள்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

அவ்வளவுதான் சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள்.

"சரிம்மா, முப்பது. மின்னஞ்சல் அனுப்பிடுறேன். ஒரே ஒரு விஷயம், இது நமக்குள்ள இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லக்கூடாது. கையெழுத்து போடுறப்ப படிச்சுப் பாருங்க."

வைத்துவிட்டார்.

"கிடைச்சிடுச்சு! ஏய், கிடைச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டே பொடிசு நாற்காலியிலிருந்து குதித்துத் திரும்பினாள்.

திரும்பிய பக்கம் மூன்று சுருட்டிய மெத்தைகள் இருந்தன. யாரைக் கூப்பிட்டோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. நெட்டை இருந்திருந்தால் கட்டில் மேல் ஏறிக் குதித்திருப்பாள், கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டியிருப்பார். இன்று யாரும் தட்டவில்லை. பொடிசு நெட்டையின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் அந்த இன்னொரு எண் அவள் மேல் விழுந்தது.

பதினைந்து.

தலைக்கனமா? வாங்குவது பாதி என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பதில் எழுதாமல் இருந்திருக்கிறாள். சித்தப்பாவுக்குக் கடை போனதிலிருந்து நிலையான வேலை இல்லை. அதனால்தான் அழாத குறையாகக் கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் ஊர் பூரா சுற்றும் அந்த முப்பது யார் சொன்ன பொய்? சித்தப்பாவே ஊருக்குச் சொன்னதா, நெட்டை சித்தப்பாவுக்குச் சொன்னதா?

அதையெல்லாம்விட ஒன்று பொடிசுவை அரித்தது. 'முப்பது, மேடம்' என்று சொன்ன அந்த நேரத்தில் அவளுக்கு நெட்டையின் நினைப்பே வரவில்லை. பதினைந்து என்று காதாரக் கேட்டும் வரவில்லை. தன் எண்ணை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். இதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே ஒரு மாதிரியாக வந்தது. பகலுக்கு வைத்திருந்த ரொட்டி அப்படியே காய்ந்தது.

வெயில் இறங்கியதும் வீட்டுக்குப் பேசினாள். கடையில் அப்பாவும் அண்ணனும் சேர்ந்திருக்கும் நேரம். அப்பா ஒலிபெருக்கியைப் போட்டார்.

"கிடைச்சிடுச்சுப்பா. முப்பது."

அப்பா பேசவில்லை. விலையைக் கேட்டால் உடனே பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு எப்போது இருந்தது?

"முப்பதா?" என்றார் கடைசியில். "அப்ப உனக்கும் அவளுக்கும் ஒண்ணுதானா?"

பொடிசு கட்டில் சட்டத்தை நகத்தால் சுரண்டினாள்.

"ஒரு படி மேல கேட்டிருக்கலாமே. முப்பத்தொண்ணு. வெறும் ஒண்ணு கூட! அவன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிருந்தா வந்திருக்கும். அவசரப்பட்டு வாயை விட்டுட்டியா?"

'அப்பா, அவ வாங்குறது பாதிப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா இன்றைக்கே சலூனில் போய் உட்கார்ந்துவிடுவார், முடி இல்லாவிட்டாலும். நாளைக் காலைக்குள் சித்தப்பா தெருவில் தலைகாட்ட முடியாது. பொடிசு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமாப்பா. அவசரப்பட்டுட்டேன்."

"சரி, போனது போகட்டும்" என்றார் அப்பா, நஷ்டத்துக்கு விற்ற சாமானைப் பற்றிப் பேசும் அதே குரலில்.

ஒலிபெருக்கி அணைந்தது. அண்ணன் கைப்பேசியை வாங்கிக்கொண்டான்.

"முப்பதா பொடிசு? நிஜமாவா? இங்க நானும் அப்பாவும் ராப்பகலா சுமந்தும்..." அவன் முடிக்கவில்லை. தொண்டையைச் செருமினான். "நல்லதும்மா. ரொம்ப நல்லது. நான்தான் ஒண்ணும் தெரியாம இருபது சொல்லச் சொன்னேன். நல்ல வேளை, என் பேச்சைக் கேக்கல."

"அப்படியெல்லாம் இல்லண்ணா."

"ரூம்ல சத்தமே காணோமே. எங்க எல்லாரும்?"

"வெளிய போயிருக்காங்கண்ணா. இப்ப வந்துடுவாங்க."

"ஷட்டரை இறக்கணும், வைக்கிறேன்."

கடையை அடைக்க இன்னும் நேரம் இருந்தது. அது இருவருக்குமே தெரியும்.

வேலை கிடைத்துவிட்டால் இந்த அறையை விட்டு மனிதர்களோடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் பொடிசு இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கிடைத்த அன்றைக்கே அப்பாவுக்குக் குறையாகவும் அண்ணனுக்கு அதிகமாகவும் போய்விட்டது. சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட உலகத்தில் ஒரு ஆள் இல்லை. அவள் அழுதாள். துண்டைத் தேடினாள். அது நெட்டையோடு போன துண்டு.

அழுது முடிக்கும் முன் நெட்டையே கூப்பிட்டாள்.

"பொடிசு! கள்ளி! கிடைச்சதை எங்கிட்ட சொல்லவே இல்லை பாத்தியா! டீம் லீடர் சொன்னாரு, உன் பேரைச் சொல்லி. என் பக்கத்து சீட்டுதான் உனக்கு. ஒரே டீம், ஒரே வேலை. நாள் முழுக்க ஒண்ணாவே இருக்கலாம்டி!"

ஒரு மாதமாக இல்லாத பழைய குரல். பொடிசுவுக்கு மறுபடியும் கண் கலங்கியது.

"இன்னிக்குத்தான் சொன்னாங்க. நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"எங்க தங்கப் போற? என் ரூமுக்கு வந்துடு. சின்ன ரூம்தான், ஜன்னல் கிடையாது. ரெண்டு பேர் படுத்தா கால் நீட்ட முடியாது, அதுவும் என் காலு! ஆனா ஆபீஸ் பக்கம். வாடகை, சாப்பாடு எல்லாம் சரிபாதி. நீ வந்தா எனக்கும் கொஞ்சம் மூச்சு விட முடியும்." நெட்டை சற்று நிறுத்தினாள். "தனியா இருக்க முடியலடி. யார்கிட்டயும் பேசாமலே சில நாள் போயிடுது."

"இங்கயும் அப்படித்தான்."

"கையெழுத்து கிழுத்து எல்லாம் கிடக்கட்டும். உங்கிட்ட மறைச்சு வச்சதுல எனக்குச் சோறே இறங்கல. ஊர்ல பேசிக்கிறதை எல்லாம் நம்பாத. நேர்ல வா, எல்லாம் சொல்றேன்." மறுபடியும் நிறுத்தினாள். இந்த முறை குரல் இறங்கியிருந்தது. "உனக்கும்... எனக்குப் போட்ட அளவுதானே போட்டிருப்பாங்க? புதுசா வர்ற எல்லாருக்கும் ஒண்ணுதான்னு அந்த மேடம் சொன்னாங்க."

பொடிசு பேசவில்லை.

ஆமாம் என்று சொன்னால் பொய். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே அறையில் தூங்கி, சரிபாதி வாடகை கொடுத்துக்கொண்டு, தினமும் சொல்ல வேண்டிய பொய். இல்லை என்று சொன்னால் நெட்டைக்கு அந்தப் பக்கத்து நாற்காலி ஒவ்வொரு நாளும் குத்தும். எதைச் சொல்வது?

காலையில் அந்த மேடம் மாதிரி 'ஹலோ, கேக்குதா?' என்று நெட்டை கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். நெட்டை கேட்கவில்லை. அவளும் அந்த சோபாவில் உட்கார்ந்து வளர்ந்தவள். இணைப்பு உறைந்தால் எப்படி இருக்கும், பொடிசு உறைந்தால் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

நெட்டையின் அறையில் மின்விசிறி கடகடவென்று ஓடுவது கேட்டது. அவளும் பேசவில்லை. இந்த முறை அவள் சிரிக்கவும் இல்லை.

இரண்டு அறைகளிலும் அந்த அமைதி நீண்டது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நெட்டை 'சரி, நாளைக்குப் பேசலாம்' என்று வைத்துவிடுவாள். பொடிசு வழக்கம்போல் ஜெயித்துவிடுவாள். அதற்குப் பிறகு கூப்பிட அவளுக்கு ஒரு ஆளும் இருக்காது.

"நெட்டை, வச்சிடாதடி" என்று பொடிசு முதலில் வாய் திறந்தாள். "நான் சொல்றேன்."